அச்சகத்துப் பையன் வாசலில் நிற்கிறான்

வேலையைத் தள்ளிப்போடுவது பற்றி ஆங்கிலத்தில் வந்த நல்ல கட்டுரைகளில் ஒன்று, தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுக் கடைசி நிமிஷத்தில் எழுதப்பட்டது. 1751 ஜூன் 29, சனிக்கிழமை. லண்டனில் வாரம் இருமுறை வந்துகொண்டிருந்த 'ராம்ப்ளர்' தாளின் 134வது இதழ். எழுதியவர் சாமுவேல் ஜான்சன். எதைப் பற்றி எழுதலாம் என்று முதல் நாள் காலையில் யோசித்துக்கொண்டு உட்கார்ந்ததையும், மனசு எங்கெங்கோ அலைந்ததையும், யோசிக்கிறோம் என்கிற நினைப்பிலேயே பொழுது போனதையும், அச்சகத்திலிருந்து அழைப்பு வந்தபிறகுதான் விழித்துக்கொண்டதையும் முதல் பத்தியிலேயே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். கடைசியில் எதைப் பற்றித்தான் எழுதினார்? அதைப் பற்றியேதான்.

இதற்கு ஒரு கதையும் உண்டு. ஜான்சனின் பிற்காலத் தோழி ஹெஸ்டர் த்ரேல் 1786இல் வெளியிட்ட நினைவுக்குறிப்புகளில், ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அச்சகத்துப் பையன் காத்துக்கொண்டிருக்க, ஜான்சன் இந்தக் கட்டுரையை அவசர அவசரமாக எழுதிக் கொடுத்ததாகத் தான் கேள்விப்பட்டதைச் சொல்கிறார். அருமையான காட்சி. ஒரே சிக்கல், 1751இல் ரெனால்ட்ஸ் லண்டனிலேயே இல்லை. இத்தாலியில் பழைய ஓவியங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1752இல்தான் ஊர் திரும்பினார். ஆகவே கூடம் பொய். பையன் மட்டும் நிஜம். ஒரே பையன் இல்லை, வருஷத்துக்கு வருஷம் மாறிக்கொண்டிருந்த பல பையன்கள். ஜான்சனின் வாழ்க்கையில் பிரபுக்களைவிட, நண்பர்களைவிட, அந்தப் பையன்களுக்குத்தான் இலக்கியம் அதிகம் கடன்பட்டிருக்கிறது என்பது என் கட்சி.

ஜான்சன் என்றதும் நினைவுக்கு வருவது பாஸ்வெல் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் ஜான்சன். பெரிய உடம்பு, பெரிய குரல், மதுக்கடை மேஜையில் யார் என்ன சொன்னாலும் ஒரே வாக்கியத்தில் அடித்துப்போடும் வாய். கட்டிலில் கிடந்த ஜான்சன் வேறு ஆள். மதியம் பன்னிரண்டு மணி, சில நாள் இரண்டு மணி வரை எழுந்திருக்க மாட்டார். ராத்திரி தூங்கவும் போக மாட்டார்; யாராவது கூட உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்க வேண்டும், டீ வந்துகொண்டே இருக்க வேண்டும். தனியாக விட்டால் மனசு தன்னையே கடித்துத் தின்ன ஆரம்பித்துவிடும் என்ற பயம். நிஜமாகவே பைத்தியம் பிடித்துவிடும் என்று ஆயுள் முழுக்கப் பயந்தார்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 1709இல் லிச்ஃபீல்ட் என்ற சிற்றூரில், புத்தகக்கடை நடத்தி நொடித்துக்கொண்டிருந்த ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். குழந்தையிலேயே கழலை நோய். முகத்தில் தழும்பு, ஒரு கண்ணில் பார்வை மிகக் குறைவு. உடம்பு தன்னிச்சையாக வெட்டி இழுக்கும். 1728இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார். பதின்மூன்று மாதத்தில் பணம் தீர்ந்துபோய், பட்டம் வாங்காமல் திரும்பினார். அதன்பிறகு வந்த நாட்களில், ஊர் மணிக்கூண்டைப் பார்த்து மணி என்ன என்று சொல்லக்கூட முடியாத அளவுக்குச் சோர்ந்துகிடந்தாராம். வயது இருபது. பர்மிங்ஹாம் வரை நடந்துபோய்த் திரும்பி வருவார், உடம்பு களைத்தாலாவது மனசு அடங்குமா என்று. தன் நிலையை லத்தீனில் எழுதி, மருத்துவராயிருந்த ஞானத்தந்தையிடம் கொடுத்தார். அவரோ மொழிநடை பிரமாதமாக இருக்கிறது என்று அதை மற்றவர்களுக்குக் காட்டிவிட்டார். ஜான்சன் அதை மன்னிக்கவேயில்லை.

தன்னைச் சோம்பேறி என்று ஜான்சன் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1744இல் வெளிவந்த, தன் நண்பன் ரிச்சர்ட் சாவேஜின் வாழ்க்கையை எழுதியபோது, அச்சில் 48 பக்கம் வரக்கூடியதை ஒரே அமர்வில், ராத்திரி முழுக்க விழித்து எழுதியவர் அவர். சோம்பேறிக்குச் சும்மா இருப்பது சுகம். இவருக்கோ சும்மா இருப்பது நரகம், ஆனால் வேலையைத் தொடுவது அதைவிடப் பெரிய நரகம். இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டு வேறெதையோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நிலை இருக்கிறதே, அதற்கு நம்மிடம் சரியான பெயர் இல்லை. சோம்பல் என்கிறோம். வீட்டில் அம்மாவும் அப்படித்தான் சொல்கிறாள்.

*

1746 ஜூன் 18ஆம் தேதி ஜான்சன் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். ராபர்ட் டாட்ஸ்லி உள்ளிட்ட லண்டன் புத்தக வியாபாரிகள் சிலர் சேர்ந்து போட்ட திட்டம்: ஆங்கிலத்துக்கு ஒரு பெரிய அகராதி. ஊதியம் 1,500 கினி, அதாவது 1,575 பவுன். உதவியாளர் சம்பளம் உட்பட எல்லாச் செலவும் அதற்குள்தான். மூன்று வருஷத்தில் முடித்துவிடலாம் என்றார்.

அவருடைய பழைய ஆக்ஸ்ஃபோர்டு நண்பர் வில்லியம் ஆடம்ஸ் கேட்டுவிட்டு அதிர்ந்துபோனார். பிரெஞ்சு அகாதெமியில் நாற்பது பேர் நாற்பது வருஷம் உழைத்தார்களே, நீர் ஒற்றை ஆளாக மூன்று வருஷத்திலா? ஜான்சன் அசரவில்லை. நாற்பதை நாற்பதால் பெருக்கினால் ஆயிரத்து அறுநூறு. மூன்றுக்கு ஆயிரத்து அறுநூறு, ஓர் ஆங்கிலேயனுக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் உள்ள விகிதம் அதுதான் என்று கணக்குச் சொன்னார். இந்த ஜோக்கை எல்லோரும் ரசித்துத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். எனக்கு இதில் வேறொன்று கேட்கிறது. பரீட்சைக்கு ரெண்டு நாள் இருக்கும்போது "நாளைக்குக் காலைல உட்கார்ந்தா முடிஞ்சுடும்டா" என்று சொல்கிறவனின் குரல். வேலையின் அளவு தெரியாததால் வருகிற தைரியமில்லை அது. அளவைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக வரவழைத்துக்கொண்ட தைரியம்.

ஃப்ளீட் தெருவுக்குப் பக்கத்தில், கஃப் ஸ்கொயரில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்தார். அந்த வீடு இன்னும் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். மேல்மாடியில், ஓட்டுக் கூரைக்குக் கீழே உள்ள நீளமான அறையை ஒரு கணக்குப்பிள்ளை ஆபீஸ் போல அமைத்து, எழுத்தர்களை அமர்த்தினார். மொத்தம் ஆறு பேர், அதில் ஐந்து பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள். ஸ்காட்லாந்தை வாழ்நாள் முழுக்கக் கிண்டல் செய்தவரின் ஆங்கில அகராதி இவர்கள் கையால்தான் எழுதப்பட்டது.

வேலைமுறை எளிமையானது. ஜான்சன் புத்தகங்களைப் படிப்பார். ஒரு சொல் நன்றாக ஆளப்பட்டிருக்கும் வரி கண்ணில் பட்டால், பென்சிலால் அந்தச் சொல்லை அடிக்கோடிட்டு, வரியின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்து, ஓரத்தில் சொல்லின் முதல் எழுத்தைப் போடுவார். எழுத்தர்கள் அந்த வரியைத் துண்டுச் சீட்டில் படியெடுத்து அகரவரிசையில் சேர்ப்பார்கள். புத்தகங்களில் பல இரவல். கொடுத்தவர்கள், திரும்பி வந்த நிலையைப் பார்த்து நொந்துபோனார்கள். கொஞ்ச வருஷம் போனபின் அதே புத்தகங்களை, ஜான்சன் கை பட்டது என்று பெருமையாகக் காட்டிக்கொண்டார்கள்.

எல்லாம் சரியாகத்தான் போனது, எழுத ஆரம்பிக்கும் வரை. சொற்களுக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கி நோட்டுகளில் வரிசையாக நிரப்பிக்கொண்டு போவது முதல் திட்டம். ஆனால் சொற்கள் ஒதுக்கிய இடத்தில் அடங்க மறுத்தன. முதலில் ஐந்தாறு அர்த்தம் என்று நினைத்த சொல்லுக்கு மேற்கோள்களைச் சேர்க்கச் சேர்க்க இருபது, முப்பது என்று கிளை பிரிந்தது. எடுத்துக்கொள்வது, கொண்டுபோவது, பிடிப்பது என்றெல்லாம் பொருள்படும் 'டேக்' என்ற சின்னஞ்சிறு ஆங்கில வினைச்சொல் ஒன்றுக்கே, அகராதி முடிந்தபோது, 134 பொருள்கள் இருந்தன. 1750 வாக்கில் அந்த நோட்டுகளைக் கைவிட வேண்டியதாயிற்று. சொன்ன மூன்று வருஷமும் அதற்குள் முடிந்துவிட்டது. கையில் இருந்தது ஒரு பெரிய குவியல், தோற்றுப்போன ஒரு முறை, வாங்கிச் செலவழித்துவிட்ட பணம்.

பிறகு எழுதிய முன்னுரையில் இந்தக் காலத்தைப் பற்றி ஜான்சன் சொல்வது உருக்கமானது. தொடங்கும்போது எல்லா நூல்களையும் தேடித் துருவி, எல்லாச் சொல்லின் வேரையும் கண்டுபிடித்து, பொருள்களின் இயல்பையே ஆராய்ந்து எழுதிவிடப் போவதாகக் கனவு கண்டிருக்கிறார். ஒரு கேள்வி இன்னொரு கேள்வியில் கொண்டுபோய் விட்டது, ஒரு புத்தகம் இன்னொரு புத்தகத்தைக் கைகாட்டியது. சூரியன் அந்த மலைமேல்தான் உட்கார்ந்திருக்கிறது என்று நம்பி ஏறியவர்கள், உச்சிக்குப் போனபிறகும் அது அதே தூரத்தில் இருப்பதைப் பார்த்த மாதிரி. அதன்பிறகுதான் வேலைக்கு ஓர் எல்லை போட்டாராம். எல்லை போட்டதால் அகராதி குறைபட்டதாக வரும், ஆனால் வரும்.

*

இந்த இடத்தில்தான் யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். பெரிய வேலை குரல்வளையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, 1750 மார்ச் 20ஆம் தேதி ஒரு சின்ன வேலையைத் தொடங்கினார். அதுதான் ராம்ப்ளர். ஒவ்வொரு செவ்வாயும் சனியும் ஒரு கட்டுரை, கட்டுரைக்கு இரண்டு கினி. 1752 மார்ச் 14 வரை 208 இதழ்கள். நாலைந்தைத் தவிர மற்ற எல்லாம் அவர் எழுதியது. ஒரு இதழ்கூடத் தவறவில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வேலையிலிருந்து தப்பித்து ஓடுவதுபோலத் தெரியும். தீஸிஸ் எழுத வேண்டிய மாணவர் திடீரென்று அலமாரியை அடுக்க ஆரம்பிப்பாரே, அது மாதிரி. கொஞ்சம் அப்படியும்தான். காசுத் தேவையும் இருந்தது. ஆனால் ராம்ப்ளரின் அமைப்பைக் கவனித்தால் ஒன்று தெரியும்: அதில் பயப்படுவதற்கு நேரமில்லை. சில பக்கமே ஓடும் ஒரு தாள். செவ்வாய்க்கிழமை வந்துவிடும், நீங்கள் தயாரோ இல்லையோ. எழுதியது சுமாராக இருந்தால், சனிக்கிழமை இன்னொன்று வரும். அச்சுக்குப் போவதற்கு முன் பல கட்டுரைகளை ஜான்சன் திருப்பிப் படித்துக்கூடப் பார்க்கவில்லை என்பார்கள். அப்படி எழுதியவையில் சில, அந்த நூற்றாண்டின் மிகச் சிறந்த உரைநடை.

அந்த 134வது கட்டுரைக்கே போவோம். தள்ளிப்போடுவதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை என்று அதில் பிரித்துக் காட்டுகிறார். தப்பிக்கவே முடியாது என்று தெரிந்த ஒன்றைத் தள்ளிவைப்பது எல்லா மனசுக்கும் உள்ள பலவீனம் என்கிறார். தள்ளிவைத்தபின் அது நம்மை விடுவதில்லை, தொலைவில் நின்று பெரிதாகிக்கொண்டே போகிறது. அதைவிட நுட்பமாக இன்னொன்றும் சொல்கிறார். முழுநிறைவு எப்படி இருக்கும் என்று கற்பனை செய்யத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்த நோய் கடுமையாக வருகிறது; எட்ட முடியாத உச்சத்துக்காகக் காத்திருந்து, எட்டக்கூடிய நல்லதையும் இழந்துவிடுகிறார்கள். நம் காலத்தில் இதையே ஆயிரம் பேர் ஆயிரம் வீடியோவில் சொல்கிறார்கள். ஆனால் இதை எழுதும்போது ஜான்சனின் தலைக்குமேல், அதே வீட்டின் மாடியில், இரண்டு வருஷம் கெடு தாண்டிய ஓர் அகராதி குவிந்துகிடந்தது. உபதேசம் இல்லை அது. வாக்குமூலம்.

அந்த 1751 நவம்பரிலேயே புத்தக வியாபாரிகளின் பொறுமை தீர்ந்துவிட்டது. அச்சகர் வில்லியம் ஸ்டிராஹன் வழியாகக் கறாராக ஏதோ சொல்லியனுப்பியிருக்கிறார்கள். முதல் தொகுதி அச்சுக்குப் போகும் வரை பங்குதாரர்கள் முகத்தில் விழிப்பதாக இல்லை என்று ஜான்சன் ஸ்டிராஹனுக்குப் பதில் எழுதினார். கைடுக்குப் பயந்து டிபார்ட்மெண்ட் பக்கமே போகாமல் இருந்தவர்களுக்கு இந்தக் கடிதத்தை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே ஸ்டிராஹனுக்கு அவர் எழுதிய இன்னொரு கடிதம்தான் என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் மையம். தினம் ஒரு ஃபாரம் அச்சடிப்பதாக நீங்கள் வாக்குக் கொடுத்தால், அச்சடிப்பதற்குத் தினம் ஒரு ஃபாரத்துக்கான எழுத்தைத் தர நான் முயல்கிறேன் என்கிறார். ஒரு ஃபாரம் என்றால் அகராதி அளவில் நான்கு பெரிய பக்கம். எப்போதிலிருந்து? வரும் செவ்வாய்க்கிழமையிலிருந்து! இன்றிலிருந்து இல்லை. அந்தச் செவ்வாயைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

சிரிப்புக்குப் பின்னால் பெரிய மாற்றம் ஒன்று இருக்கிறது. 'அகராதி' என்பது அந்தக் கடிதத்தில் இல்லை. இருப்பது ஃபாரம். மொத்தம் சுமார் 2,300 பக்கம் என்பது யாராலும் ஒரு காலைநேரத்தில் எதிர்கொள்ள முடியாத எண். நான்கு பக்கத்தை எதிர்கொள்ளலாம். அதோடு, எழுதி முடித்ததும் அது அவர் கையை விட்டுப் போய்விடுகிறது. திரும்ப எடுத்துத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மேல்மாடிக் குவியலைச் சின்ன ராம்ப்ளர்களாக வெட்டிப்போட்டார் என்றுகூடச் சொல்லலாம்.

*

இதற்கு நடுவில் ஒரு சாவு. ஜான்சனின் மனைவி எலிசபெத், அவர் செல்லமாக டெட்டி என்று அழைத்தவர், 1752 மார்ச்சில், கடைசி ராம்ப்ளர் வெளிவந்த சில நாட்களில் இறந்துபோனார். அவரைவிட இருபது வயது மூத்தவர். 1735இல் விதவையாக இருந்தவரை மணந்தார். டெட்டி கொண்டுவந்த பணம் ஜான்சன் தொடங்கிய பள்ளிக்கூடத்தில் கரைந்தது. பள்ளியில் சேர்ந்த விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களில் ஒருவர், பிற்காலத்தில் பெரும் நடிகரான டேவிட் காரிக். டெட்டியின் கடைசி வருஷங்கள் நோயிலும் மதுவிலும் அபினியிலும் கழிந்தன. அகராதி வந்தால் நிலைமை மாறும், நல்ல வீடு, நல்ல வண்டி என்பது அந்த வீட்டில் சொல்லப்பட்டிருக்கும். அகராதி வரவில்லை.

அவர் எழுதிய முன்னுரையின் கடைசி வரிகளில், தான் மகிழ்விக்க விரும்பியவர்களில் பெரும்பாலோர் மண்ணுக்குள் போய்விட்டதால் வெற்றியும் தோல்வியும் இனி வெறும் சத்தம் என்கிற பொருளில் ஜான்சன் முடிக்கிறார். தாமதத்தின் கணக்கு எப்போதும் வேலையில் மட்டும் எழுதப்படுவதில்லை.

டெட்டி போனபின் பல மாதம் எதுவும் ஓடவில்லை. 1753 ஏப்ரல் 3ஆம் தேதி இரண்டாம் தொகுதியைத் தொடங்கியதாக நாட்குறிப்பில் இருக்கிறது. முதல் தொகுதியில் முன்னுரைக்கும் இலக்கணத்துக்கும் மொழி வரலாற்றுக்கும் இடம் விட்டிருப்பதாகவும், மூன்றையும் இன்னும் தொடவில்லை என்றும் அதிலேயே குறிப்பு. கடினமானதற்கு வெற்றிடம் விட்டுவிட்டு மேலே போவது. அதுவும் ஒரு வழிதான்.

1755 ஏப்ரல் 15 அன்று அகராதி இரண்டு பெரும் தொகுதிகளாக வெளிவந்தது. ஏறத்தாழ 42,000 சொற்கள், ஒரு லட்சத்துக்கும் மேலான மேற்கோள்கள். விலை நாலரைப் பவுன், அந்நாளில் சாதாரண ஆள் நினைத்துப் பார்க்க முடியாதது. கடைசித் தாளைக் கொண்டுபோன ஆள் திரும்பி வந்ததும், பதிப்பாளர் ஆண்ட்ரூ மில்லர் என்ன சொன்னார் என்று ஜான்சன் விசாரித்தாராம். அப்பாடா, இந்த ஆளோடு பட்டது முடிந்தது, கடவுளுக்கு நன்றி என்றார் ஐயா. மில்லர் கடவுளுக்கு நன்றி சொல்கிற ஆளாகவாவது இருக்கிறாரே, சந்தோஷம் என்றார் ஜான்சன்.

பிழைகள் இருந்தன. குதிரையின் கணுக்கால் பகுதியைக் குறிக்கும் சொல்லுக்கு முழங்கால் என்று பொருள் போட்டிருந்தார். ஏன் இப்படி என்று ஒரு பெண்மணி கேட்டபோது, அறியாமை அம்மா, வெறும் அறியாமை என்று பதில் சொன்னாராம். 1751இல் இருந்த ஜான்சன் அந்தக் குதிரையின் கால் சரியாகும் வரை அகராதியை வெளியிட்டிருக்க மாட்டார்.

*

இவ்வளவு பட்டபின் ஆள் திருந்தியிருப்பார் என்று நினைக்கத் தோன்றும். வெற்றிக்கதை என்றால் இந்த இடத்தில் முடித்துவிட வேண்டும். நடந்தது வேறு.

அகராதி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 1756 மார்ச்சில் ஆறு பவுனுக்கும் குறைவான கடனுக்காக ஜான்சன் கைதானார். நாவலாசிரியர் சாமுவேல் ரிச்சர்ட்சன் ஆறு கினி அனுப்பி மீட்டார். பணம் வேண்டும். அந்த ஜூனில் ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பதிப்பிக்கப்போவதாக அறிவித்து, முன்பதிவுத் தொகை வாங்கினார். 1757 கிறிஸ்துமஸுக்குள் புத்தகம் என்று வாக்கு.

புத்தகம் வந்தது 1765 அக்டோபரில்.

இடையில் சந்தாதாரர்கள் கேட்டுப் பார்த்தார்கள், நண்பர்கள் நச்சரித்தார்கள். 1762இல் சார்லஸ் சர்ச்சில் என்ற கவிஞர், காசை வாங்கிக்கொண்டு புத்தகத்தைக் காட்டாத ஆள் என்று பகிரங்கமாகக் கிண்டல் செய்தார். அதே வருஷம் அரசு, ஆண்டுக்கு 300 பவுன் பென்ஷன் கொடுத்தது. எழுதியே தீர வேண்டிய நெருக்கடியும் போயிற்று. சந்தாதாரர் பட்டியலை நூலில் ஏன் போடவில்லை என்று கேட்டதற்கு இரண்டு காரணம் சொன்னாராம்: பெயர்களைத் தொலைத்துவிட்டேன், பணத்தைச் செலவழித்துவிட்டேன்.

ஆனால் ஷேக்ஸ்பியர் தூங்கிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் இதே ஆள் வேறு என்ன செய்தார்? 1758 ஏப்ரலிலிருந்து 1760 ஏப்ரல் வரை 'ஐட்லர்' என்ற தலைப்பில் வாராவாரம் வந்த நூறு சொச்சம் கட்டுரைகளில் பெரும்பாலானவை. ஐட்லர் என்றால் வேலைவெட்டி இல்லாதவன். பெயரை அவரேதான் வைத்துக்கொண்டார். ஒருமுறை ஆக்ஸ்ஃபோர்டில் நண்பர் பென்னட் லாங்டனிடம், தபால் கிளம்ப இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். அரைமணி நேரம். அப்படியானால் போதும் என்று உட்கார்ந்து ஒரு கட்டுரையை எழுதி முடித்தார். லாங்டன் படிக்கக் கை நீட்டினார். நானே படிக்கவில்லை, உமக்கென்ன என்று சொல்லி மடித்து அனுப்பிவிட்டார்.

1759 ஜனவரியில் லிச்ஃபீல்டில் தாய் சாகக்கிடந்தார். அவருக்கு அனுப்பவும், பிறகு ஈமச்செலவுக்கும் கடனுக்கும் பணம் தேவைப்பட்டது. ஒரே வாரத்தின் மாலைப்பொழுதுகளில் 'ராசெலஸ்' நாவலை எழுதிக் கொடுத்து நூறு பவுன் வாங்கினார். இந்த நாவல் பின்னாளில் பல ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது. தாயைப் பார்க்க அவர் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லண்டனுக்கு வந்தபிறகு லிச்ஃபீல்டுக்கு அவர் போனது மிக அபூர்வம்; தாயைப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. வருகிறேன், வருகிறேன் என்று கடிதங்கள் மட்டும் போயின. அந்தப் பயணத்துக்குக் கெடு வைக்க ஸ்டிராஹன் இல்லை.

ஒரே மனிதர், ஒரே காலம். முன்பணம் முழுக்கக் கைக்கு வந்து, முடிவு எங்கோ தூரத்தில் ஒரு கிறிஸ்துமஸாக இருந்த வேலை எட்டு வருஷம் தாமதம். தபால் கிளம்ப அரைமணி இருந்த வேலை அரைமணியில் முடிந்தது. மன உறுதி, லட்சியம், திறமை எல்லாம் இரண்டிலும் சமமாகத்தான் இருந்திருக்கும். வாசலில் ஆள் நின்றதா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

உறுதியைப் பற்றிச் சொன்னால், அதில் ஜான்சனை மிஞ்ச ஆளில்லை. புத்தாண்டு, ஈஸ்டர், மனைவி இறந்த நாள், தன் பிறந்தநாள் என்று வருஷத்துக்குப் பல தடவை நாட்குறிப்பில் தீர்மானங்கள் எழுதினார். சீக்கிரம் எழுந்திருப்பது. முடிந்தால் ஆறு மணிக்கு. நேரத்தை ஒழுங்காகச் செலவழிப்பது. பைபிள் படிப்பது. அடுத்த வருஷம் அதே பட்டியல். அதற்கடுத்த வருஷமும். படுக்கையிலிருந்து நினைத்ததைவிட இரண்டு மணி நேரம் முன்னதாகத் தன்னை எழுப்பிய ஒரே புத்தகம் ராபர்ட் பர்ட்டன் மனச்சோர்வைப் பற்றி எழுதிய பெருநூல்தான் என்று சொல்லியிருக்கிறார். ஆக, எழுந்தது சோர்வைப் பற்றிப் படிக்க. 1764 செப்டம்பர் 18, ஐம்பத்தைந்தாவது பிறந்தநாள். தீர்மானம் போடுவதிலேயே ஐம்பத்தைந்து வருஷத்தைக் கழித்துவிட்டேன், ஒன்றும் செய்யவில்லை என்று அன்று எழுதுகிறார். அகராதி, இருநூறு ராம்ப்ளர், நாவல் எல்லாம் எழுதியவர். ஒன்றும் செய்யவில்லையாம். இதைப் படிக்கும்போது கோபம்கூட வருகிறது.

1775 புனித வெள்ளியன்று அதே கணக்கை மறுபடி பார்க்கிறார். வருஷா வருஷம் போட்டு உடைத்த தீர்மானங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பின் ஏன் மறுபடியும் போடுகிறேன் என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். திருந்துவது அவசியம், நம்பிக்கையை விடுவது குற்றம், அதனால் என்கிறார். இதை வெறும் பக்திமானின் பேச்சாக நான் படிக்கவில்லை. தீர்மானம் வேலை செய்யாது என்று நன்றாகத் தெரிந்தபிறகும் அதைக் கைவிடாததில் ஒரு பிடிவாதம் இருக்கிறது. ஆனால் வேலையை முடித்தது அந்தப் பிடிவாதம் இல்லை.

1777 ஈஸ்டருக்கு முந்தின நாள் மூன்று புத்தக வியாபாரிகள் வீட்டுக்கு வந்தார்கள். ஆங்கிலக் கவிஞர்களின் தொகுப்புக்குச் சின்னச் சின்ன அறிமுகங்கள் எழுதித் தர முடியுமா? என்ன வேண்டும் என்று கேட்டதற்கு 200 கினி என்றார். ஆயிரம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்கள். சின்ன அறிமுகங்கள் வளர்ந்து வளர்ந்து 52 கவிஞர்களின் வாழ்க்கை வரலாறுகளாயின. 1779இல் நான்கு தொகுதி, 1781இல் ஆறு. அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. ஒரு பெரும் நூலாக அல்ல, ஒவ்வொரு கவிஞராக, எழுத எழுத அச்சகர் ஜான் நிக்கல்ஸுக்குத் துண்டு துண்டாக அனுப்பினார். முடித்தபின் நாட்குறிப்பில், வழக்கம்போலவே இழுத்தடித்தும் அவசரப்பட்டும், மனசில்லாமலும் வேகமாகவும் எழுதினேன் என்று குறித்துக்கொண்டார். 'வழக்கம்போல' என்பதை முதல்முறையாக நிந்தனை இல்லாமல் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

1784 கோடையில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போயிருந்தபோது, அந்தப் பழைய வில்லியம் ஆடம்ஸ், பிரெஞ்சு அகாதெமிக் கணக்கைக் கேட்ட அதே ஆடம்ஸ், பிரார்த்தனைகளைத் தொகுத்து ஒரு நூலாக எழுதித் தாருங்கள் என்று வற்புறுத்தினார். ஜான்சனுக்கும் அந்த எண்ணம் ரொம்ப நாளாக உண்டு. எழுதவில்லை. டிசம்பர் தொடக்கத்தில், முடிவு தெரிந்துவிட்டபின், வீட்டிலிருந்த காகிதங்களைக் கட்டுக்கட்டாக எரித்தார். வருஷா வருஷம் எழுதிய பிரார்த்தனைகளும் தீர்மானங்களும் அடங்கிய தாள்களை மட்டும், கூடவே இருந்து பார்த்துக்கொண்ட ஒரு பாதிரியார் கையில் கொடுத்தார். 13ஆம் தேதி இறந்துபோனார். அடுத்த வருஷமே அந்தத் தாள்கள் புத்தகமாயின. பாதிரியாரின் பெயர் ஜார்ஜ் ஸ்டிராஹன். அச்சகர் வில்லியம் ஸ்டிராஹனின் மகன்.